"பிசிக்ஸ் வராது" என்று இப்போதே முடிவு கட்டாதீர்கள்

அம்மா, "560 வரும்னு சொன்னான் சார், 431தான் வந்திருக்கு, மூணு நாளா ரூமை விட்டு வெளியே வரலை, அவனுக்கு பிசிக்ஸே வராது போல" என்று எழுதியிருந்தீர்கள். நீட் மார்க்கை விட அந்தக் கடைசி வரிதான் எனக்குக் கவலை தருகிறது. அவன் காதுபட அதைச் சொல்லிவிடாதீர்கள். 'இன்னும் வரவில்லை' என்று சொல்லுங்கள். ஸ்டான்போர்ட் உளவியலாளர் கரோல் டுவெக் அழுத்திச் சொல்வதும் இந்த 'இன்னும்' என்ற ஒரு சொல்லைத்தான். வரவே வராது என்று நம்பிவிட்ட பிள்ளை எதற்குப் புத்தகத்தைத் திறக்கப்போகிறான்?

முதலில் அவன் சாப்பிடட்டும், தூங்கட்டும். விரக்தியாக ஏதாவது பேசினால் தள்ளிப்போடாமல் 104 அல்லது 14416 என்ற உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள், மனநல ஆலோசனை கிடைக்கும்.

அப்புறம் ஓ.எம்.ஆர். விடைத்தாள் நகலையும் விடைக்குறிப்பையும் வைத்துக்கொண்டு, தப்பான ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் 'தெரியாது', 'அவசரம்', 'குத்துமதிப்பு' என்று மூன்றில் ஒன்றை எழுதச் சொல்லுங்கள். போன வருடம் ஒரு மாணவி என் எதிரில் அழுதுகொண்டேதான் இதைச் செய்தாள். பிசிக்ஸில் 28 தப்பு. குத்துமதிப்பு 12, அவசரம் 9, நிஜமாகவே தெரியாதது வெறும் 7. சரியான விடைக்கு 4, தப்புக்கு மைனஸ் 1 என்பதால் அந்தப் பன்னிரண்டைத் தொடாமல் விட்டிருந்தாலே 12 மார்க், ஒன்பதை நிதானமாகச் சரியாகப் போட்டிருந்தால் மைனஸும் போய் ஒன்றுக்கு 5 வீதம் இன்னும் 45, ஆக 57 மார்க் என்று கூட்டிப் பார்த்தவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த ஏழும் எந்தெந்தப் பாடம் என்று தேட ஆரம்பித்துவிட்டாள்.

மறுபடி எழுதுவதா என்பதை அவன்தான் சொல்ல வேண்டும், சித்தப்பாவோ பக்கத்து வீடோ இல்லை. நீட்டுக்கு உச்ச வயது வரம்பு 2022-லேயே எடுக்கப்பட்டுவிட்டது, அந்தப் பயம் வேண்டாம். ஆனால் வேறு கதவுகளையும் மூடிவிடாதீர்கள். தமிழக ஒதுக்கீட்டில் கால்நடை மருத்துவம், பி.எஸ்சி. நர்சிங், பி.பார்ம் எல்லாவற்றுக்கும் பிளஸ் டூ மார்க்தான் கணக்கு. எதற்கெல்லாம் விண்ணப்பம் போட்டிருக்கிறீர்கள், எதற்கு இன்னும் கடைசித் தேதி முடியவில்லை என்று இன்றைக்கே பாருங்கள்.

அந்த மூன்று வகைக் கணக்கை அவன் போட்டு முடித்ததும் தாளோடு அவனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், உட்கார்ந்து பேசலாம்.