தட்டினால் போதாது – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் எம்.ஏ. ஆங்கில இலக்கியப் பாடத்தில் பதினேழாம் நூற்றாண்டுக் கவிஞர்களான ஜான் டன்னின் 'ஹோலி சானெட்ஸ்' (பதினான்கு வரிப் பக்திக் கவிதைகள்) சிலவும் ஜார்ஜ் ஹெர்பர்ட்டின் 'தி காலர்' கவிதையும் இருக்கின்றன. வகுப்பில் சொல்வது ஒன்றுதான்: கவிஞன் சந்தேகப்படுகிறான், போராடுகிறான், கடைசியில் விசுவாசம் வெல்கிறது. தேர்விலும் அதையே எழுதிவிட்டு வருகிறோம். எனக்கு அது ஒப்பவில்லை. டன் கத்தோலிக்கராகப் பிறந்து பிழைப்புக்காக இங்கிலாந்துத் திருச்சபைக்கு மாறியவர் என்கிறார்கள். கவிதைகளிலும் உள்ளூர நம்பாத ஒருவரின் குரல்தான் எனக்குக் கேட்கிறது. ஹெர்பர்ட்டோ கடவுளுக்கு அடங்கியிருப்பதை எதிர்த்து முப்பது வரிக்கு மேல் கொதித்துவிட்டு, 'குழந்தாய்' என்று ஒரு குரல் கேட்டதும் அடங்கிப்போகிறார். ஒட்டவைத்த முடிவு. இவர்கள் நாத்திகத்தின் வாசல்வரை வந்து திரும்பியவர்களா? மாணிக்கவாசகரின் திருவாசகத்தில் வரும் நீத்தல் விண்ணப்பத்தோடு இவர்களை ஒப்பிடலாமா? நம்பிக்கை இல்லாத என்னைப் போன்றவன் இவற்றை எப்படி வாசிப்பது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

வகுப்பில் சொல்வதும் சரியில்லை, அதற்கு மாற்றாக நீங்கள் சொல்வதும் சரியில்லை. இரண்டும் ஒரே இடத்தில்தான் சறுக்குகின்றன. சந்தேகம் என்றதும் 'கடவுள் உண்டா, இல்லையா' என்ற நம் காலத்துச் சந்தேகத்தை எடுத்துக்கொண்டுவிடுகிறீர்கள். டன் சானெட்டுகளை எழுதிய 1609–10 வாக்கில் நாத்திகன் என்பது ஒரு வசையாகப் புழங்கியது உண்மை. நாடகாசிரியர் மார்லோமீதே அந்தப் பழி விழுந்தது. ஆனால் இந்தக் கவிதைகளில் அந்தக் கேள்வி இல்லை. கடவுள் இருக்கிறார், எல்லாம் வல்லவர், தீர்ப்பு உண்டு, நரகம் உண்டு. இதில் டன்னுக்கு ஐயமே கிடையாது. அவருடைய ஐயம் வேறு: 'என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறாரா?'

இதன் பின்னணி தெரியாமல் அந்தச் சானெட்டுகளைத் திறக்கக் கூடாது. இங்கிலாந்துத் திருச்சபையின் 39 விதிகளில் 17-ஆவது முன்குறித்தல் பற்றியது. உலகம் உண்டாகும் முன்பே கடவுள் சிலரை மீட்புக்கென்று தெரிந்துகொண்டார் என்கிறது அது. அதே விதி இன்னொன்றும் சொல்கிறது: பக்தர்களுக்கு இந்தப் போதனை இனிய ஆறுதல், கிறிஸ்துவின் ஆவி இல்லாதவர்கள் இதையே எந்நேரமும் கண்முன் வைத்துக்கொண்டிருந்தால் அவநம்பிக்கையின் பாதாளத்தில் விழுவார்கள். சட்டமே இப்படி இருந்தால் மனிதன் என்ன செய்வான்? நான் எந்தப் பக்கம் என்று தன்னையே துழாவுவான். துழாவித் துழாவிப் பயம் வந்தால், அந்தப் பயமே தான் தேர்ந்தெடுக்கப்படாததற்கு அடையாளமோ என்று மறுபடியும் பயப்படுவான். டன்னின் சானெட்டுகள் இந்தச் சுழலுக்குள் எழுதப்பட்டவை. 1633 பதிப்பில் முதலில் நிற்கும் சானெட்டின் கடைசி மூன்று வரிகள் அதை மறைக்காமல் சொல்கின்றன: நீ மனிதகுலத்தை நேசிக்கிறாய், ஆனால் என்னைத் தெரிந்துகொள்ள மாட்டாய், சாத்தான் என்னை வெறுக்கிறான், ஆனால் என்னை விட மாட்டான், இதைக் கண்டால் விரைவில் நம்பிக்கை இழந்துபோவேன். கடவுளை நம்பாதவன் எழுதும் வரிகளா இவை?

இன்னொரு சந்தேகமும் டன்னிடம் உண்டு. எது உண்மையான சபை என்பது அது. 'பிழைப்புக்காக மாறினார்' என்ற ஒரு வரியில் அதை அடக்க முடியாது. தாய் எலிசபெத், கத்தோலிக்க விசுவாசத்துக்காக உயிர்விட்ட தாமஸ் மோர் குடும்பத்து வழிவந்தவர். தாய்மாமன் ஜாஸ்பர் ஹேவுட் இயேசு சபைத் துறவி. தம்பி ஹென்றி, வில்லியம் ஹாரிங்டன் என்ற கத்தோலிக்கக் குருவைத் தன் அறையில் ஒளித்துவைத்ததற்காகப் பிடிபட்டு 1593-இல் நியூகேட் சிறையிலேயே செத்துப்போனான். குருவை மறு ஆண்டு கொடூரமாகக் கொன்றார்கள். டன்னுக்கு அப்போது இருபது வயதைத் தாண்டிக் கொஞ்சம்தான். அந்தப் பத்தாண்டில் எழுதிய மூன்றாம் அங்கதக் கவிதையில், 'அறிவோடு சந்தேகப்படு' என்கிறார். தெரியாத பாதையில் நின்று சரியான வழியை விசாரிப்பது வழிதவறுவது ஆகாது. தூங்குவதும் தவறான திசையில் ஓடுவதும்தான் வழிதவறுவது. உண்மை ஒரு செங்குத்தான பெரிய மலைமேல் நிற்கிறது, அதை அடைய விரும்புகிறவன் சுற்றிச் சுற்றித்தான் ஏற வேண்டும். பிழைப்புக் கணக்கும் இருந்தது, மறுக்கவில்லை. 1601-இல் ரகசியத் திருமணம் செய்து வேலையை இழந்தவர், குழந்தைகள் வரிசையாகப் பிறந்துகொண்டிருந்தன, அரசர் ஜேம்ஸ் குருப்பட்டம் தவிர வேறு பதவி தருவதாக இல்லை. 1615-இல் குருவானார். ஆனால் தேதியைக் கவனியுங்கள். சானெட்டுகளில் பெரும்பாலானவை அதற்குச் சில ஆண்டுகள் முன்பே எழுதியவை. 1621-இல் செயின்ட் பால் பேராலயத்தின் டீன், அதாவது தலைமைக் குரு, ஆனவரை மனதில் வைத்து அவற்றை வாசிப்பது கைடு புத்தகங்களின் பழக்கம். எழுதியவர் வேலையில்லாத ஒரு குடும்பஸ்தர்.

இனி வாசிக்கும் முறைக்கு வருகிறேன். முதலில் ஒரு எச்சரிக்கை. சானெட் எண்களை நம்பாதீர்கள். 1633-இல் 12 சானெட்டுகள் அச்சாயின, 1635-இல் 4 சேர்ந்தன, கடைசி 3 பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில்தான் கையெழுத்துப் பிரதியிலிருந்து வெளிவந்தன. கிரியர்சனின் 1912 பதிப்பில் 14 என்று இருப்பது ஹெலன் கார்ட்னரின் 1952 பதிப்பில் 10. முதல் வரியைக் கொண்டே தேடுங்கள்.

கார்ட்னரில் 5, கிரியர்சனில் 9 ஆக இருக்கும் 'இஃப் பாய்ஸனஸ் மினரல்ஸ்' என்பதை எடுத்துக்கொள்வோம். பென்சிலால் எட்டாம் வரியின் கீழ் ஒரு கோடு போடுங்கள். கோட்டுக்கு மேலே வழக்கு. விஷக் கனிமங்களுக்கு நரகம் இல்லை. ஆதாமின் கனியைத் தந்த மரத்துக்கு இல்லை. காம ஆட்டுக்கும் பொறாமைப் பாம்புக்கும் இல்லை. எனக்கு மட்டும் ஏன்? புத்தி இருப்பதாலா? அடுத்து இன்னும் கூர்மையான கேள்வி: இரக்கம் கடவுளுக்கு எளிது, பெருமையும்கூட, பிறகு ஏன் கோபத்தால் மிரட்டுகிறார்? ஒன்பதாம் வரியில் திருப்பம்: 'உன்னோடு வழக்காட நான் யார்?' விசுவாசம் வென்றது என்று வகுப்பில் அடிக்கோடு இடும் வரி இதுதான்.

இது எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ரோமர் 9:20: 'மனுஷனே, தேவனோடு எதிர்த்துத் தர்க்கிக்கிற நீ யார்?' பவுல் முன்குறித்தலைப் பேசும் அதிகாரம் இது. குயவனும் களிமண்ணும் அடுத்த வசனத்திலேயே வருகின்றன. ஆக, கேள்வி கேட்டவனின் வாயை அடைக்கும் வசனத்தை டன் தானே எடுத்துத் தன் வாயில் வைத்துக்கொள்கிறார். எட்டாம் வரியின் கேள்விக்குப் பதில் வரவில்லை. அது அப்படியே விடப்படுகிறது. அதோடும் நிற்கவில்லை. கிறிஸ்துவின் ரத்தத்தையும் தன் கண்ணீரையும் கலந்து ஒரு லீத்தி வெள்ளம் உண்டாக்கி அதில் என் பாவ நினைவை மூழ்கடி என்கிறார். லீத்தி கிரேக்கப் பாதாளத்து மறதி ஆறு. கிறிஸ்தவ மன்னிப்பு கேட்கிறவன் புறச்சமயத்து ஆற்றைக் கூப்பிடுகிறான். முடிவு இப்படி: உன் நினைவில் இருப்பதைச் சிலர் தமக்குச் சேர வேண்டிய கடனாகக் கேட்கிறார்கள்; எனக்கு நீ மறந்தாலே இரக்கம். கண்டுகொள்ளாமல் விட்டால் போதும் என்ற வேண்டுதல் இது. வெற்றி என்று இதற்குப் பெயர் வைக்க எனக்குக் கை வரவில்லை.

டன்னிடம் பயம் கூடும்போதெல்லாம் தர்க்கம் கூடும். அந்தத் தர்க்கம் எங்கே ஓட்டையாக இருக்கிறது என்று தேடுவதுதான் வாசிப்பு. 'இன்றிரவே உலகின் கடைசி இரவானால்' என்று தொடங்கும் சானெட்டில் முதல் எட்டு வரி சிலுவையில் இருப்பவரின் முகம்: கண்ணின் ஒளியைக் கண்ணீர் அணைக்கிறது, குத்துண்ட தலையிலிருந்து வழிந்த ரத்தம் நெற்றிச் சுருக்கங்களை நிரப்புகிறது. அடுத்த ஆறு வரியில் வாதம்: அழகு இரக்கத்துக்கு அடையாளம், அவலட்சணம்தான் கொடுமைக்கு அடையாளம் என்று என் பழைய காதலிகளிடம் சொன்னேன், அதையே உனக்கும் சொல்கிறேன், இந்த அழகிய வடிவம் இரங்கும் மனத்துக்கு உறுதி. பெண்களை மசியவைக்கச் சொன்ன வாதத்தை மீட்புக்குச் சாட்சியாக நிறுத்துகிறார். அதுவும் இப்போதுதான் ரத்தம் தோய்ந்த முகத்தைக் காட்டிவிட்டு 'அழகிய வடிவம்' என்கிறார். வாதம் நிற்காது. டன் சட்டம் படித்தவர், நிற்காது என்று தெரியாதவர் அல்ல. இதைக் கவனக்குறைவு என்று விமர்சகர்கள் சிலர் ஒதுக்குவது எனக்கு ஏற்பில்லை.

புகழ்பெற்ற 'பேட்டர் மை ஹார்ட்' (என் நெஞ்சை இடித்துத் தகர்) பற்றிச் சுருக்கமாக. 'இதோ, வாசற்படியிலே நின்று தட்டுகிறேன்' என்கிறது வெளிப்படுத்தின விசேஷம் 3:20. கேட்கிறவன் கதவைத் திறந்தால் அவர் உள்ளே வருவார். டன் சொல்வது: தட்டினால் போதாது, இடி, உடை, எரி. ஏனென்றால் உள்ளே இருப்பவனால் கதவைத் திறக்க முடியாது. கவிதை முழுக்க ஏவல் வினைகள். கேட்டதைக் கடவுள் செய்ததாக ஒரு வரி இல்லை. இதை 'சரணாகதி' என்று நம் ஊரில் மொழிபெயர்த்துவிடுகிறார்கள். சரணடையக்கூட என்னால் ஆகாது என்பதல்லவா அதன் புகார்?

ஹெர்பர்ட் வேறு வகை. டன் தர்க்கத்தில் வைப்பதை இவர் யாப்பில் வைக்கிறார். அதனால் கருத்தை மட்டும் பிழிந்து எடுத்தால் இவரிடம் ஒன்றும் மிஞ்சாது. 'டினையல்' (மறுப்பு) என்ற கவிதையில் தொடங்குங்கள். ஐந்து வரி கொண்ட ஆறு பத்திகள். ஒவ்வொரு பத்தியிலும் முதல் நான்கு வரிகள் ஒன்றுவிட்டு ஒன்று இயைபு கொள்ளும், அதாவது வரி முடிவில் ஒலி ஒத்துவரும். ஐந்தாவது குட்டை வரி எதோடும் சேராமல் அநாதையாக நிற்கும். கடவுள் காது கொடுக்கவில்லை, என் நெஞ்சும் உடைந்தது, பாட்டும் உடைந்தது என்கிறது கவிதை. ஐந்து பத்தி இப்படி. ஆறாவதில், என் வேண்டுதலைக் கேட்டு என் பாட்டைச் செப்பனிடு என்று கேட்கும்போது கடைசி வரி இயைபோடு விழுகிறது. கேட்டது கிடைத்துவிட்டதா, அல்லது கவிஞன் தானே சரிசெய்துகொண்டானா? கவிதை சொல்லவில்லை. வாய்விட்டு வாசித்தால்தான் இது பிடிபடும். கண்ணால் ஓட்டினால் தப்பிவிடும்.

இப்போது உங்கள் 'தி காலர்'. 36 வரி. முதல் 32 வரியில் வரி நீளம் தாறுமாறு, இயைபு இல்லாததுபோல் ஒரு தோற்றம். ஆனால் இருக்கிறது. முதல் வரியின் கடைசி ஒலிக்கு இணை ஐந்தாம் வரியில், மூன்றாம் வரிக்கு இணை பத்தாம் வரியில். ஒழுங்கு இல்லாமல் இல்லை, தள்ளித் தள்ளி வருகிறது. கடைசி நான்கு வரியில் அது ஒன்றுவிட்டு ஒன்றாகச் சீராகிறது. அதனால் அந்த முடிவை 'ஒட்டவைத்தது' என்று சொல்ல முடியாது. கத்திக்கொண்டிருப்பவனுக்குத் தெரியாமலேயே அடியில் ஓடிக்கொண்டிருந்தது மேலே வருகிறது. அதே சமயம் வகுப்பில் விட்டுவிடும் ஒன்றும் உண்டு: 'குழந்தாய்' என்ற குரல் கேட்டது என்று ஹெர்பர்ட் எழுதவில்லை, கேட்டதுபோல் தோன்றியது என்றுதான் எழுதியிருக்கிறார். பக்கத்தைப் புரட்டுங்கள். 1633-இல் வந்த 'தி டெம்பிள்' தொகுப்பில் அடுத்த கவிதை 'தி கிளிம்ப்ஸ்'. அதன் தொடக்கம்: மகிழ்ச்சியே எங்கே போகிறாய், இப்போதுதானே வந்தாய், அதற்குள் என்னை இருளில் விட்டுவிட்டா? வென்ற விசுவாசம் ஒரு பக்கம்கூடத் தாங்கவில்லை. பாடத்திட்டத்துக்காக ஒற்றைக் கவிதையைப் பிய்த்து எடுப்பதில் வரும் நஷ்டம் இதுதான். ஹெர்பர்ட் கவிதைகளை அடுக்கிய வரிசையே ஒரு வாதம். சாகும் தறுவாயில் அவர் அந்தக் கையெழுத்துப் பிரதியை நண்பர் நிக்கோலஸ் ஃபெராருக்கு அனுப்பி, மனம் சோர்ந்த யாருக்காவது பயன்படும் என்றால் அச்சிடு, இல்லாவிட்டால் எரித்துவிடு என்று சொன்னதாக அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதிய ஐசக் வால்டன் சொல்கிறார். வால்டன் புனிதர் கதை சொல்லும் ஆள், கொஞ்சம் கழித்தே எடுத்துக்கொள்ள வேண்டும்.

நீத்தல் விண்ணப்பத்தோடு ஒப்பிடலாம், ஆனால் வித்தியாசத்துக்காக. 'கடையவனேனைக் கருணையினால் கலந்து ஆண்டுகொண்ட விடையவனே விட்டிடுதி கண்டாய்' என்பது முதல் பாட்டு. ஐம்பது பாட்டிலும் விட்டுவிடாதே என்ற கெஞ்சல். ஆனால் 'ஆண்டுகொண்ட' என்பது முதலிலேயே வந்துவிடுகிறது. திருப்பெருந்துறையில் ஆட்கொண்டது நடந்து முடிந்தது, அதில் மணிவாசகருக்கு ஐயம் இல்லை. கிடைத்தது கைவிட்டுப் போகுமோ என்பதே பயம். டன்னுக்கு அந்த முதல் சம்பவமே நடந்ததா என்று தெரியாது. அதனால்தான் அவர் வாதாடுகிறார், இவர் இறைஞ்சுகிறார். நிந்தாஸ்துதியையும் இங்கே இழுக்காதீர்கள். அது உரிமை உள்ளவன் செய்யும் ஏச்சு. டன்னுக்குத் தனக்கு உரிமை உண்டா என்பதே கேள்வி.

நம்பிக்கை இல்லாதவர் வாசிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக. பிரெஞ்சுத் தத்துவவாதி சிமோன் வெய் யூதக் குடும்பத்தில், மதம் இல்லாத வீட்டில் வளர்ந்தவர். 1938 வாக்கில் கடும் தலைவலியின்போது ஹெர்பர்ட்டின் 'லவ்' கவிதையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். வெறும் அழகான கவிதை என்று நினைத்துச் சொன்னது பிரார்த்தனையாகிவிட்டது என்று பின்னால் எழுதினார். உங்களுக்கும் அப்படி ஆகும் என்று சொல்லவில்லை, ஆக வேண்டும் என்றும் இல்லை. ஆனால் வேதாகமம் இல்லாமல் முடியாது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பே போதும். ரோமர் 8, 9 அதிகாரங்களையும் 51-ஆம் சங்கீதத்தையும் முதலில் வாசியுங்கள், ஒரு மாலை வேலைதான். பிறகு டன்னின் 1633 வரிசையில் உள்ள 12 சானெட்டுகளை ஒரே மூச்சில். ஹெர்பர்ட்டில் 'அஃப்ளிக்‌ஷன்' (துன்பம்) என்ற தலைப்பில் ஐந்து கவிதைகள் உண்டு, முதலாவதை எடுங்கள். அதன் கடைசி வரிக்கு உரையாசிரியர்கள் ஆளுக்கொரு பொருள் சொல்கிறார்கள்: 'உன்னை நான் நேசிக்காவிட்டால், உன்னை நேசிக்க என்னை விடாதே.' உரையைப் பார்க்கும் முன் உங்கள் பொருளை எழுதி அனுப்புங்கள்.