கெமிஸ்ட்ரி படித்தவருக்கு ஓவியக் கூடத்தில் என்ன வேலை?

கேள்வி: சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறேன். பி.எஸ்சி. வேதியியல் இறுதியாண்டு. ஓரளவு வரைவேன். நவீன ஓவியம், சிற்பங்களைப் பழுதுபார்த்துப் பாதுகாக்கும் அருங்காட்சியக வேலைக்குப் போக ஆசை. எங்கே படிக்கலாம்? வேலை கிடைக்குமா?

பதில்: தாராளமாகப் போகலாம். ஆனால் வரையும் திறமையைக் காட்டும் இடம் இது அல்ல. ஓவியர் போடாத கோட்டை நாம் போடக் கூடாது. நிதானமான கையும் பொறுமையும்தான் முக்கியம்.

அக்ரிலிக் (பிளாஸ்டிக் வகைப் பசையில் கலந்த வண்ணம்) ஓவியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வண்ணப் படலம் சேலத்து வெயிலுக்கு இளகும்; விழுந்த தூசு அதிலேயே பதிந்துவிடும். பெரும்பாலும் மேலே வார்னிஷும் இருக்காது. ஈரப் பஞ்சால் துடைத்தால் படலம் உப்பும், உள்ளேயிருக்கும் சோப்பு போன்ற சேர்மானங்களும் வெளியே வரும். அதனால் முதலில் மென்மையான தூரிகையால் தூசு தட்டுவோம். தண்ணீர் தேவைப்பட்டால் அதன் பி.எச். அளவையும் (அமில, காரத் தன்மை) மின்கடத்துதிறனையும் சரிசெய்து, ஓரத்தில் கடுகளவு இடத்தில் சோதித்த பிறகே தொடுவோம். சொட்டுச் சொட்டாகச் சேர்த்து அளக்கும் உங்கள் டைட்ரேஷன் பழக்கம் இங்கேதான் கைகொடுக்கும். (உருளைக்கிழங்கைத் தேய்த்து ஓவியத்தைச் சுத்தம் செய்யும் வைத்தியம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. கிட்டே விடாதீர்கள்.)

அப்புறம், லேபில் தீராத கேள்விகளும் வரும். சுபோத் குப்தா எவர்சில்வர் பாத்திரங்களை அடுக்கிப் படைப்புகள் செய்பவர். அதில் ஒரு பாத்திரம் நசுங்கினால் கடையில் புதிது வாங்கி வைக்கலாமா? கலைஞர் இருக்கும்போதே இதைக் கேட்டுப் பதிவு செய்து வைப்பதும் நம் வேலைதான்.

நவீன கலைக்கென்றே தனிப் பட்டம் தேடி அலையாதீர்கள். நொய்டாவிலுள்ள இந்தியப் பாரம்பரிய நிறுவனத்தில் கன்சர்வேஷன் (கலைப்பொருள் பாதுகாப்பு) முதுகலைப் படிப்பு இருக்கிறது. எண்ணெய் ஓவியத்திலும் தாளிலும் கை பழகட்டும். பிறகு ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் சமகாலக் கலையைச் சிறப்புப் பாடமாக எடுக்கலாம்.

அரசு அருங்காட்சியகங்களில் நிரந்தரப் பணியிடங்கள் குறைவு. தனியார் ஆய்வகங்களும் ஒப்பந்த வேலைகளும்தான் ஆரம்பத்தில் சோறு போடும். சீக்கிரம் நல்ல சம்பளம் வேண்டுமென்றால் மருந்துக் கம்பெனி லேபே மேல்.

எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் 1930களிலிருந்து இயங்குகிறது. பயிற்சிக்கு வாய்ப்புண்டா என்று இப்போதே கடிதம் எழுதிக் கேளுங்கள். அதற்குள், ஏற்காட்டில் தெரிந்தவர் வீட்டில் பழைய எண்ணெய் ஓவியம் இருந்தால், தொடாமல் ஒரு நிலை அறிக்கை எழுதிப் பாருங்கள். பனியீரத்தில் பூஞ்சை எங்கே பிடித்திருக்கிறது, எந்த மூலையில் துணி தொய்ந்திருக்கிறது, பக்கவாட்டில் டார்ச் அடித்தால் வெடிப்புகள் எப்படித் தெரிகின்றன என்று போட்டோவோடு குறித்து, கடிதத்துடன் இணைத்து அனுப்புங்கள்.