மகன் செய்த பீர் தயாரிப்புக் கருவியை எங்கே விற்பது?

கேள்வி: என் மகன் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் பணிபுரிகிறான். வீட்டில் பீர் தயாரிப்பதற்காக மூன்று பெரிய எவர்சில்வர் கொப்பரைகள், 240 வோல்ட்டில் இயங்கும் 5,500 வாட் ஹீட்டர் காயில், இரண்டு பம்புகள், தானே வயரிங் செய்த கன்ட்ரோல் பெட்டி ஆகியவற்றைக் கொண்டு ஒரு கருவியை அமைத்து, நான்கு ஆண்டுகள் பயன்படுத்தியிருக்கிறான். இப்போது குடும்பத்தோடு மதுரைக்கே திரும்புகிறான். வீட்டுச் சாமான்களோடு அதையும் தூத்துக்குடிக்குக் கப்பலில் அனுப்பி, இங்கே விற்கலாம் என்கிறான். பாத்திரங்களையாவது வெண்கலக்கடைத் தெருவில் எடுத்துக்கொள்வார்கள் என்று நானும் நினைக்கிறேன். இது சரிதானா? அங்கேயே விற்பதென்றால் எப்படி விலை சொல்வது?
– ஒரு வாசகர், திருநகர், மதுரை.

பதில்: தயவுசெய்து அதை இங்கே கொண்டுவர வேண்டாம். 1937-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், மதுவைத் தயாரிப்பதை மட்டுமன்றி, தயாரிப்பதற்கான கருவிகளையும் பாத்திரங்களையும் வைத்திருப்பதையும் குற்றமாகக் கருதுகிறது. உங்கள் மகன் சாராயம் காய்ச்சவில்லை, பார்லி ஊறலை நொதிக்க வைத்தார் என்று எடுத்துச் சொல்வதால் பயனில்லை. 1987 முதல் கள் இறக்கவே தடை இருக்கும் மாநிலம் இது. அமெரிக்காவில் நிலைமை வேறு: 1978-இல் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்தின்படி, பெரியவர்கள் இருவர் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 200 கேலன், அதாவது ஏறத்தாழ 757 லிட்டர் பீர் வரை சொந்தத் தேவைக்குத் தயாரித்துக்கொள்ளலாம். ஆனால் அதை விற்கக் கூடாது. எனவே கருவியோடு மீதமிருக்கும் பீரையும் சேர்த்து அவர் விலை பேசக் கூடாது.

சட்டத்தை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும் அந்தக் கருவி நம் வீட்டு மின்சாரத்துக்குப் பொருந்தாது. அந்த ஹீட்டர் ஏறத்தாழ 23 ஆம்பியர் இழுக்கும். நம் வீடுகளில் பெரிய சாக்கெட்டே 16 ஆம்பியர்தான். பம்புகள் பெரும்பாலும் 120 வோல்ட்டுக்கானவையாக இருக்கும். அவற்றை நம் 230 வோல்ட்டில் நேரடியாக இணைத்தால் மோட்டார் கருகிவிடும். காயிலுக்கும் குழாய்க்குமாகத் துளையிட்ட கொப்பரைகளை இங்கே எடைக்குத்தான் எடுப்பார்கள். அது கப்பல் கூலிக்கே போதாது.

ஆகவே அங்கேயே விற்கட்டும். புறப்படுவதற்குச் சில மாதங்கள் முன்பே தொடங்கட்டும். கடைசி வாரத்தில் விற்பவரின் அவசரம் தெரிந்தால், வாங்குபவர் பாதி விலைக்குத்தான் கேட்பார். உங்கள் மகன் செலவழித்த தொகையைக் கொண்டு விலை சொல்ல வேண்டாம். எவர்சில்வர் கொப்பரைகள் பழகினாலும் மதிப்பை ஓரளவு தக்கவைத்துக்கொள்ளும். பம்புகளுக்கு அதைவிடக் குறைவு. இரவு பகலாக உட்கார்ந்து வயரிங் செய்த கன்ட்ரோல் பெட்டிக்கு, அதில் அவருடைய உழைப்பு எவ்வளவு இருந்தாலும், உதிரிப் பாகங்களின் மதிப்பே கிடைக்கும். அது அவருக்கு வருத்தமாக இருக்கும் என்பதை உணர்கிறேன். ஆனால் தரச்சான்று முத்திரை இல்லாத, முன்பின் தெரியாத ஒருவர் வயரிங் செய்த பெட்டியைத் தண்ணீருக்கு அருகில் வைத்து இயக்கப்போகிறவர் தயங்குவது நியாயமே.

அந்தத் தயக்கத்தைப் போக்குவதில்தான் விற்பனையே இருக்கிறது. ஒவ்வொரு கொப்பரையும் எர்த்துடன் இணைக்கப்பட்டிருக்கிறதா, மின்கசிவு ஏற்பட்டால் உடனே துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்ச் இருக்கிறதா என்பதை முதலில் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் ஒருவரைக் கொண்டு பார்க்கட்டும். மற்றொன்றையும் கவனிக்க வேண்டும்: காயிலுக்குப் போகும் மின்சாரத்தை இணைத்தும் துண்டித்தும் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் சாலிட் ஸ்டேட் ரிலே பழுதாகும்போது பெரும்பாலும் இணைந்த நிலையிலேயே நின்றுவிடும், அப்போது கட்டுப்பாட்டுக் கருவி ‘நிறுத்து’ என்றாலும் காயில் சுட்டுக்கொண்டே இருக்கும். அதனால் ஹீட்டருக்குப் போகும் மின்சாரத்தை முழுவதுமாகத் துண்டிக்கும் தனிச் சுவிட்ச் ஒன்று இல்லையென்றால், அதைப் பொருத்தாமல் விற்க வேண்டாம். இதை விலைக்காக மட்டும் சொல்லவில்லை. வாங்கிச் செல்பவர் வீட்டிலும் குழந்தைகள் இருக்கலாம்.

வயரிங் படத்தைத் தெளிவாக வரைந்து, பாகங்களின் பட்டியலோடு பெட்டியின் உட்புறத்தில் ஒட்டிவைக்கட்டும். வாங்க வருபவர் முன்னிலையில் 40 லிட்டர் தண்ணீரை ஊற்றி இயக்கிக் காட்டலாம். 25 டிகிரியில் இருக்கும் தண்ணீர் ஏறத்தாழ 40 நிமிடங்களில் கொதிக்கத் தொடங்கினால், காயில் நன்றாக இருக்கிறது என்பதை அவரே கண்டுகொள்வார். கொப்பரையில் தண்ணீர் இல்லாமல் ஒரு நொடி கூட மின்சாரம் கொடுக்கக் கூடாது. கொதித்த ஊறலை ஆறவைக்கும் பிளேட் வகைக் குளிர்விப்பான் வைத்திருந்தால், அதன் உள்ளே தங்கும் கசடை முழுவதும் எடுப்பது கடினம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

முழுக் கருவிக்கும் ஒரே ஆள் கிடைத்தால் நல்லது. சில வாரங்களில் கிடைக்காவிட்டால், கொப்பரைகளையும் பம்புகளையும் தனித்தனியே விற்கலாம். கன்ட்ரோல் பெட்டியை மட்டும் படம் பார்த்து வயரிங்கைப் புரிந்துகொள்ளக் கூடியவருக்கே கொடுக்கட்டும். அப்படி ஒருவர் வராவிட்டால், அதைப் பிரித்து உதிரிப் பாகங்களாக விற்றுவிடட்டும்.