விற்கப்போகும் வீட்டுக்கு எவ்வளவு செலவு செய்யலாம்?

(வீடு கட்டுவது, பழுது பார்ப்பது, வாங்குவது, விற்பது பற்றி வாசகர்கள் அனுப்பும் கேள்விகளுக்கு, திருச்சியில் வீடு கட்டிக்கொடுக்கும் பொறியாளர் ஒருவர் பதில் சொல்கிறார்.)

கேள்வி: எங்கள் அப்பா 1984-ல் உறையூரில் கட்டிய வீடு இது. அப்பா, அம்மா இருவரும் இப்போது இல்லை. நானும் தம்பியும் தங்கையும் சேர்ந்து விற்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். அம்மா போனதிலிருந்து வீடு பூட்டியே கிடக்கிறது. தரகர் வந்து பார்த்தார். மொசைக்கை உடைத்து டைல்ஸ் போட்டு, மாடுலர் கிச்சன் வைத்து, முகப்பையும் மாற்றிவிட்டால் 15 லட்சம் கூடுதலாகக் கிடைக்கும் என்கிறார். அதற்கு 6 லட்சம் ஆகுமாம். செய்யலாமா? (வாசகி, உறையூர்)

பதில்: வேண்டாம் அம்மா. அந்த 6 லட்சத்தை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

நாற்பது வருடம் தாண்டிய வீட்டை உறையூரில் தேடி வருகிறவர் எதைப் பார்த்து வருகிறார்? மனையைப் பார்த்து வருகிறார். கடைவீதியும் வெக்காளியம்மன் கோயிலும் பக்கத்தில் இருக்கின்றன என்று வருகிறார். நீங்கள் கேட்கப்போகும் விலையில் பெரும்பகுதி மண்ணுக்குத்தான். அவர் ஒன்று கட்டடத்தை வைத்துக்கொண்டு தன் வசதிப்படி மாற்றுவார், இல்லையென்றால் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவார். நீங்கள் பார்த்துப் பார்த்து வைக்கிற சமையலறை அலமாரியின் நிறம் வாங்குகிறவர் வீட்டு அம்மாவுக்குப் பிடிக்காமல் போனால் அத்தனையும் வீண். இந்த மாதிரிச் செலவைப் போட்டுவிட்டு, போட்ட பணத்தைக்கூட விலையில் ஏற்ற முடியாமல் நின்ற குடும்பங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தரகர் சொல்லும் 15 லட்சம் வராவிட்டால் நஷ்டம் உங்கள் மூவருக்குத்தான்.

வருகிறவர் மனதில் சந்தேகம் எழும் இடங்கள் சில உண்டு. அவற்றை மட்டும் சரிசெய்தால் போதும்.

முதலில் நாற்றம். பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்ததும் சாக்கடை வாடை அடிக்கிறதா? கழிவுநீர்க் குழாய் உடைந்துவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். குளியலறைத் துவாரத்துக்குக் கீழே, பிளம்பர்கள் நஹானி டிராப் என்று சொல்லும் ஒரு வளைவு இருக்கும். அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நின்று, சாக்கடைக் காற்று மேலே வராமல் தடுக்கும். பல மாதம் புழங்காவிட்டால் அந்தத் தண்ணீர் வற்றிவிடும். துவாரத்துக்கு ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள், கழிப்பறைக் கோப்பையிலும் ஊற்றுங்கள். வாரம் ஒருமுறை யாராவது போய் இதைச் செய்து, ஜன்னலையெல்லாம் திறந்து வைத்துவிட்டு வந்தாலே பாதி வேலை முடிந்துவிடும். தண்ணீர் ஊற்றியும் வாடை போகவில்லை என்றால் பிளம்பரைக் கூப்பிடுங்கள்.

அடுத்தது தண்ணீர். நம் ஊரில் வீடு பார்க்க வருகிறவர்கள் பலரும் நேராகக் குழாயைத் திறந்துதான் பார்ப்பார்கள். துருத் தண்ணீர் வந்தால் முகம் மாறிவிடும். சம்ப்பையும் மேல்தொட்டியையும் கழுவிவிடுங்கள். ஒழுகும் குழாய்களுக்கு வாஷர் மாற்றுங்கள். மோட்டாரை ஓட்டிப் பாருங்கள். பிறகு, போர் தண்ணீரைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்து, அறிக்கையைக் கையில் வைத்திருங்கள். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் உப்பளவில் அது குடிக்க ஏற்றது. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். எண் எதுவாக இருந்தாலும் மறைக்காமல் காட்டுங்கள். காவிரித் தண்ணீர் இணைப்பு இருந்தால், அது வரும் நேரத்திலேயே ஆட்களை வரச் சொல்லுங்கள்.

மொசைக்கை உடைக்கவே கூடாது. 1984-ல் போட்ட மொசைக் இன்னும் விரிசல் இல்லாமல் இருந்தால் அது உங்கள் அப்பா நல்ல கொத்தனாரைப் பிடித்ததற்குச் சாட்சி. மெஷின் பாலிஷ் போடுகிறவர்களைக் கூப்பிடுங்கள். கரடான கல்லில் தொடங்கி, கல்லை மாற்றி மாற்றித் தேய்த்து, கடைசியில் ஆக்ஸாலிக் ஆசிட் போட்டு மெருகேற்றுவார்கள். புது டைல்ஸுக்கு ஆகும் செலவில் இது சிறு பங்குதான், தரை கண்ணாடியாக மின்னும். தேய்க்கும்போது வரும் சேற்றைக் குளியலறைத் துவாரத்தில் தள்ள மட்டும் விடாதீர்கள். உள்ளே போய் இறுகி அடைத்துக்கொள்ளும்.

உங்களை அவசியம் பார்க்கச் சொல்வது சன்ஷேடுகளின் அடிப்பகுதியை. அந்தக் காலத்து வீடுகளில் கம்பி துருப்பிடித்து, உப்பி, கான்கிரீட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்திருக்கும். இது ஆபத்து, விற்பனையெல்லாம் அப்புறம். தளர்ந்த கான்கிரீட்டைத் தட்டி எடுத்து, கம்பியைத் துரு போகத் தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலந்த சாந்து வைத்துப் பூசச் சொல்லுங்கள். மேலே சும்மா சிமென்ட் அப்பிவிட்டுப் போகிற கொத்தனாரை விடவே விடாதீர்கள். மின்சாரப் பலகையில் பழைய பீங்கான் ஃபியூஸ் இருந்தால் மின்னோட்டம் மிஞ்சினால் தானே அணையும் எம்.சி.பி.யாக மாற்றி, மின்கசிவு இருந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றும் போட்டுவிடுங்கள். தேக்குக் கதவுகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷ் அடித்தால் போதும். நிலைகளில் கரையான் இருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள்.

பெயிண்ட் கடைசி வேலை. வெள்ளையோ வெளிர் சந்தன நிறமோ போதும்.

சாமான்கள் விஷயத்தில் ஒன்று சொல்ல ஆசைப்படுகிறேன். வீட்டை ஒருவருக்குக் காட்டுவதற்கு முன்பே நீங்கள் மூவரும் இரண்டு நாள் லீவு போட்டு அங்கே வந்து தங்குங்கள். அம்மாவின் புடவைகள், பித்தளைப் பாத்திரங்கள், பூஜை அறைப் படங்கள், பரண்மேல் கிடப்பவை என்று எல்லாவற்றையும் சேர்ந்து உட்கார்ந்து பிரித்துக்கொள்ளுங்கள். வெளியாள் வந்து அறை அறையாகப் பார்க்கும்போது அம்மாவின் பொருட்கள் அங்கங்கே கிடந்தால் உங்களுக்கு மனசு தாங்காது. அவருக்கும் கூச்சமாக இருக்கும். பேச்சு விலைக்கு வராமலே போய்விடும்.

இந்த இதழ் வரும்போது ஆடி பிறந்திருக்கும். ஆடியில் நம் பக்கத்தில் வீடு பேசி முடிக்க யாரும் வரமாட்டார்கள். அது உங்களுக்கு நல்லதுதான். வேலைகளை இந்த மாதத்தில் முடித்துவிட்டு ஆவணியில் காட்டத் தொடங்குங்கள். ஆடிக் காற்றில், சன்ஷேடில் புதிதாகப் பூசிய சாந்து வேகமாக உலர்ந்து வெடித்துவிடும். அதனால் காலை, மதியம், மாலை என்று ஒரு வாரமாவது தண்ணீர் அடிக்க ஆள் வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வரச் சொல்லுங்கள், வெளிச்சம் நன்றாக இருக்கும். அன்று மாலை நாலரையிலிருந்து ஆறு வரை ராகு காலம், பலர் தயங்குவார்கள். வாசலைப் பெருக்கித் தெளித்து ஒரு கோலம் போட்டுவிடுங்கள்.

கேள்வி: ஹால் சுவரில் கீழே மூன்றடிக்கு ஓதம். வருடா வருடம் பெயிண்ட் உரிகிறது. பெயிண்டர், பட்டி பார்த்து அதன்மேல் பி.வி.சி. பலகை ஒட்டிவிட்டால் வருகிறவர்களுக்குத் தெரியாது என்கிறார். அடுத்த மாதம் ஒருவர் பார்க்க வருகிறார். ஒட்டிவிடலாமா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: கூடாது ஐயா. இதை அழுத்திச் சொல்கிறேன்.

எனக்குத் தெரிந்த இளம் தம்பதி தை மாதத்தில் ஒரு வீட்டை வாங்கினார்கள். இருவர் சம்பளத்திலும் கடன் போட்டு வாங்கியது. ஐப்பசி மழையில் அலமாரிக்குப் பின்னால் பலகை கழன்றது. உள்ளே சுவர் கை வைத்தால் உதிர்ந்தது. கைக்குழந்தைக்கு ஓயாத சளி. என்னைக் கூப்பிட்டுக் காட்டியபோது அந்தப் பெண் கேட்டார்: “இதை முன்னாடியே சொல்லியிருந்தால் நாங்கள் விலையைக் கொஞ்சம் குறைத்துக் கேட்டிருப்போம், அவ்வளவுதானே? ஏன் மறைத்தார்கள்?” அந்தக் கேள்வியை உங்களிடமும் யாரும் கேட்கும்படி வைத்துக்கொள்ளாதீர்கள்.

சட்டமும் அதையே சொல்கிறது. 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவுப்படி, விற்கிறவருக்குத் தெரிந்து, வாங்குகிறவர் சாதாரணமாகப் பார்த்தால் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறை இருந்தால், விற்கிறவர் அதைச் சொல்லியாக வேண்டும்.

இப்போது ஓதத்துக்கு வருவோம். கீழிருந்து மூன்றடி என்றால் இரண்டு காரணங்கள் இருக்கலாம். சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறையோ குழாயோ இருக்கிறதா? இருந்தால் முதல் சந்தேகம் அதன்மேல்தான். மோட்டாரை நிறுத்தி, எல்லாக் குழாயையும் மூடி, இரவு முழுக்க விட்டுவிட்டு மேல்தொட்டியின் மட்டம் இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கினால் கசிவு. இறங்காவிட்டாலும் குளியலறைத் தரை இடுக்கு வழியாகவோ கழிவுநீர்க் குழாயிலிருந்தோ கசியலாம், அதையும் பார்க்கச் சொல்லுங்கள். குழாய் எதுவும் அந்தப் பக்கமே இல்லை, வெள்ளையாக உப்புப் பூக்கிறது என்றால் அஸ்திவாரத்திலிருந்து ஈரம் ஏறுகிறது. ஓதக் கோட்டுக்கு மேலும் ஒரு அடிவரை பூச்சைக் கொத்தி எடுத்து, செங்கல் இடுக்குகளைச் சுரண்டி, சுவரை உலர விட்டு, நீர்த்தடுப்புத் திரவம் கலந்த சிமென்ட் சாந்தில் பூசுங்கள். அந்தப் பூச்சு நன்றாகக் காய ஒரு மாதமாவது ஆகும். அதற்குமுன் பட்டியோ பெயிண்டோ வேண்டாம், மறுபடி உரியும்.

ஆக, அடுத்த மாதம் வருகிறவர் பார்க்கப்போவது பெயிண்ட் இல்லாத சாம்பல் நிறச் சுவரைத்தான். பார்க்கட்டும். காரணம் இது, செய்த வேலை இது, பில் இதோ என்று காட்டுங்கள். அஸ்திவார ஈரம் சில வருடம் கழித்துத் திரும்பவும் எட்டிப் பார்க்கலாம் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள். விலையில் கொஞ்சம் கேட்பார், கொடுங்கள்.

கேள்வி: வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டைக் குப்பையாக வைத்திருக்கிறார்கள். அவர்களை வைத்துக்கொண்டே எப்படிக் காட்டுவது? (வாசகி, மதுரை)

பதில்: விற்கப்போவதை முதலில் அவர்களிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். வாரத்தில் எந்த நாள், எந்த நேரம் ஆட்கள் வரலாம் என்று அவர்களையே முடிவு செய்யச் சொல்லுங்கள், அதைத் தாண்டி யாரையும் அழைத்துப் போகாதீர்கள். காலி செய்ய முடியும் என்றால் ஒரு மாத வாடகையை விட்டுக்கொடுத்து, அட்வான்ஸைச் சாவி வாங்கும் அன்றே திருப்பிக் கொடுங்கள். வீடு பார்க்க வருகிறவர் “இங்கே எப்படி இருக்கு?” என்று தனியாக விசாரிப்பது அவர்களிடம்தான்.

கேள்வி: வீடு பளிச்சென்று இருக்கிறது. போன மாதம் வந்தவர் விலைக்கும் சம்மதித்தார். ஆனால் சொத்தின்மேல் உள்ள அடமானம், விற்பனைப் பதிவுகளைக் காட்டும் வில்லங்கச் சான்றைப் பார்த்துவிட்டுப் பின்வாங்கிவிட்டார். 2011-லேயே கட்டி முடித்த வங்கிக் கடன் அதில் இன்னும் தெரிகிறது. வீடு எனக்கும் அண்ணனுக்கும் பொது. அண்ணன் சிங்கப்பூரில் இருக்கிறார், வர முடியாது. என்ன செய்வது? (வாசகர், கும்பகோணம்)

பதில்: தம்பி, இந்த வேலையைப் பெயிண்ட் அடிப்பதற்கு முன்பே முடித்திருக்க வேண்டும். பரவாயில்லை, தீர்க்கக்கூடியதுதான்.

கடன் வாங்கியபோது அடமான ஆவணத்தைப் பதிவு செய்திருப்பார்கள். கடன் தீர்ந்ததும் வங்கி கொடுத்த கடிதத்தை நீங்கள் பீரோவில் வைத்திருப்பீர்கள். அது போதாது. கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணத்தை வங்கி அதிகாரி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்து தர வேண்டும். அதன்பிறகுதான் வில்லங்கச் சான்றில் அந்தப் பதிவும் ஏறும். வங்கிக் கிளைக்குப் பழைய கடன் எண்ணோடு போங்கள். வாங்குகிறவரும் கடன் போட்டுத்தான் வாங்குவார்; அவருடைய வங்கி வக்கீல் பட்டா யார் பெயரில், வீட்டு வரி யார் பெயரில், மாடியில் பின்னால் கட்டிய அறைக்கு அனுமதி உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். பட்டாவும் வரியும் இன்னும் பெரியவர்கள் பெயரில் இருந்தால் இப்போதே மாற்ற மனுக் கொடுங்கள்.

அண்ணன் தன் சார்பில் நீங்கள் விற்க, உங்கள் பெயருக்கு அதிகாரப் பத்திரம் (பவர்) எழுதித் தரலாம். சிங்கப்பூரில் உள்ள இந்தியத் தூதரகத்தில் அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்லுங்கள். அது இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். பத்திரத்தில் விற்கவும், பணம் பெறவும், பதிவு செய்யவும் அதிகாரம் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.

அண்ணன் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்பதை வாங்குகிறவரிடம் விலை பேசும்போதே சொல்லிவிடுங்கள். உள்நாட்டில் இருப்பவரிடமிருந்து 50 லட்சம் அல்லது அதற்கு மேல் விலைக்கு வாங்கினால், வாங்குகிறவர் விலையில் 1 சதவீதத்தை வரியாகப் பிடித்து அரசுக்குக் கட்டினால் போதும். அண்ணனுடைய பங்குக்கு அதைவிடப் பல மடங்கு பிடிக்க வேண்டிவரும், 50 லட்சம் என்ற வரம்பும் கிடையாது. குறைந்த விகிதத்தில் பிடிக்க வருமான வரித்துறையிடம் சான்றிதழ் வாங்கலாம், அதற்கு வாரக்கணக்கில் ஆகும். ஆகவே ஆள் வருவதற்குக் காத்திருக்காமல் இந்த வாரமே ஆடிட்டரைப் பாருங்கள். போகும்போது வீடு உங்களுக்கு எப்படி வந்தது என்பதற்கான பத்திரமும், அண்ணனின் பான் எண்ணும் கையில் இருக்கட்டும்.