வாக்மேனில் அப்படி என்ன புதுசு?

"பழைய பாகங்களைச் சேர்த்த வாக்மேனை எப்படிக் கண்டுபிடிப்பு என்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பிரித்துப் பார்த்தால் நியாயமான சந்தேகம்தான். கேசட்டை 1963இலேயே பிலிப்ஸ் கொண்டுவந்துவிட்டது. 1979 ஜூலையில் சோனி விற்ற முதல் வாக்மேன், அதாவது கையோடு எடுத்துப் போகும் கேசட் பிளேயர், செய்தியாளர்களுக்கான அவர்களுடைய பிரஸ்மேன் ரெக்கார்டரின் மறுவடிவம். பதிவு வசதியையும் ஸ்பீக்கரையும் எடுத்துவிட்டு ஸ்டீரியோ சர்க்யூட் வைத்தார்கள். கூடவே எடை குறைந்த ஹெட்போன். ரெக்கார்ட் செய்யாத டேப் ரெக்கார்டரை யார் வாங்குவார்கள் என்று கம்பெனிக்குள்ளேயே முணுமுணுப்பு.

அந்த மாடலில் இருவர் சேர்ந்து கேட்க, ஹெட்போன் மாட்ட இரண்டு துளைகள். ஆரஞ்சு நிறப் பட்டனை அழுத்தினால் பாட்டு தணிந்து, மைக் வழியே பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்கும். தனியாகப் பாட்டுக் கேட்பதைத் தப்பாக நினைப்பார்களோ என்று தயாரித்தவர்களே தயங்கியிருக்கிறார்கள்!

போகட்டும், யோசனையாவது அவர்களுடையதா? 1977இலேயே ஆண்ட்ரியாஸ் பாவெல் என்பவர், உடம்பில் மாட்டிக்கொண்டு ஹெட்போனில் பாட்டுக் கேட்கும் 'ஸ்டீரியோபெல்ட்' என்ற கருவிக்குக் காப்புரிமை கோரியிருந்தார். பல வருட வழக்குக்குப் பிறகு சோனி அவரோடு சமரசம் செய்துகொண்டது. என்னைக் கேட்டால், கண்டுபிடிப்பு பாவெலுடையது. அதை ஊரெல்லாம் இடுப்பில் மாட்ட வைத்த சாமர்த்தியம் சோனியுடையது. முன்பு செய்யவே முடியாத ஒன்றைச் சாத்தியமாக்கிய கண்டுபிடிப்புதான் வேண்டுமென்றால், 1991இல் அதே சோனி விற்பனைக்குக் கொண்டுவந்த, இன்று செல்போனுக்குள் இருக்கும் லித்தியம் அயனி பேட்டரியைச் சொல்வேன். அதற்கு அடித்தளமிட்ட குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ என்ற மூன்று விஞ்ஞானிகளுக்கும் 2019இல் நோபல் கிடைத்தது.