ஓய்வுக்காலப் பணத்தை யாரை நம்பிக் கொடுப்பது? சுங்கை சிப்புட்டில் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பத்தொரு வருடம் கிராணியாக, அதாவது அலுவலகக் கணக்கு எழுதுபவனாக, இருந்தேன். சம்பளப் பட்டியலில் சேமநிதிக் கழிவை மாதாமாதம் என் கையால் எழுதியவன் என்பதால், ஓய்வுக்காலப் பணம் பற்றிய சந்தேகம் வந்தால் இன்றும் என்னிடம்தான் வருகிறார்கள். சென்ற ஞாயிறு கோயில் மண்டபத்தில் கேட்டவற்றை, வர முடியாதவர்களுக்காக எழுதித் தருகிறேன்.

ஈப்போவில் தொழிற்சாலை வேலை செய்யும் தம்பி: ஐயா, தனியார் ஓய்வூதியம் என்று ஒருவர் வீட்டுக்கு வந்தார். வருடம் எட்டு விழுக்காடு உறுதி என்கிறார். நம்பலாமா?

அந்த "உறுதி" என்ற சொல்லிலேயே அவரை அனுப்பிவிடுங்கள், தம்பி. 2012-இல் தொடங்கிய தனியார் ஓய்வூதியத் திட்டத்தை, அதாவது பிஆர்எஸ்ஸை, முதலீட்டுச் சந்தையை மேற்பார்க்கும் அரசு அமைப்பான செக்யூரிட்டீஸ் கமிஷன் கண்காணிக்கிறது. அதில் போடும் பணம் பங்குகளிலும் கடன் பத்திரங்களிலும் முதலீடாகிறது. அது ஏறும், இறங்கும். இத்தனை விழுக்காடு நிச்சயம் என்று அங்கே யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. சட்டப்படி குறைந்தபட்ச லாப ஈவு உள்ளது நம் ஊழியர் சேமநிதியின் வழக்கமான (ஷரியா முறை அல்லாத) கணக்கில்தான். அதுவும் 2.5 விழுக்காடு மட்டுமே. கூடுதலாகக் கிடைப்பது அந்தந்த வருட நிலவரத்தைப் பொறுத்தது.

அதே தம்பி: வருமான வரியில் சலுகை உண்டு என்றும் சொன்னாரே?

பிஆர்எஸ்ஸில் போடும் பணத்துக்கு, வரி கணக்கிடும் வருமானத்தில் வருடம் 3,000 ரிங்கிட் வரை கழிவு இருப்பது உண்மை. ஆனால் வரி கட்டுபவருக்குத்தான் அது பயன். குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட் வாங்கும் உங்களுக்குக் கட்ட வேண்டிய வரியே இல்லை. இல்லாத வரியை எப்படிக் குறைப்பது? இதைச் சொல்லாமல் சலுகையை மட்டும் பேசியது எனக்குப் பிடிக்கவில்லை.

வீட்டில் தையல் வேலை செய்யும் அக்கா: எனக்கு முதலாளி இல்லை, சேமநிதியும் இல்லை. பிஆர்எஸ்தான் வழியா?

இல்லை, அக்கா. முதலில் சேமநிதி அலுவலகத்துக்குப் போய் "ஐ-சாரான்" திட்டத்தில் பதிந்துகொள்ளுங்கள். அறுபது வயதுக்கு உட்பட்ட, முதலாளி இல்லாமல் சொந்தமாக உழைப்பவர்களுக்கானது அது. நீங்கள் போடும் தொகைக்கு அரசாங்கம் 20 விழுக்காடு சேர்த்துத் தருகிறது. வருடத்துக்கு அதிகபட்சம் 500 ரிங்கிட், வாழ்நாள் முழுவதற்கும் 5,000 ரிங்கிட். வருடம் 2,500 போட்டால் 500 கிடைக்கும். தீபாவளித் துணி தைத்து வரும் காசில் கொஞ்சம் போட்டாலும் போதும். இதைவிட நல்ல தொடக்கம் உங்களுக்கு வேறெதுவும் எனக்குத் தெரியவில்லை.

பள்ளி ஆசிரியை ஒருவர்: எனக்கு வரி உண்டு, பிஆர்எஸ்ஸில் சேர எண்ணம். எந்த நிறுவனம் நல்லது?

ஒரு பெயரைச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை, டீச்சர். எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன். முதலில் அந்த நிறுவனம் செக்யூரிட்டீஸ் கமிஷன் அங்கீகரித்த பிஆர்எஸ் நிறுவனங்களில் ஒன்றா என்று பாருங்கள். கமிஷன் ஓர் எச்சரிக்கைப் பட்டியலும் வெளியிடுகிறது. ஆனால் அந்தப் பட்டியலில் பெயர் இல்லாததை நற்சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்களிடம் பேசும் ஆலோசகர் ஃபிம் என்னும் முதலீட்டு நிர்வாகிகள் கூட்டமைப்பில் பதிவு பெற்றவரா என்பதையும் அவர்களுடைய இணையத்தளத்தில் தேடிப் பாருங்கள்.

அடுத்தது கட்டணம். சேரும்போது பிடிக்கும் விற்பனைக் கட்டணம் ஒன்று, வருடா வருடம் பிடிக்கும் நிர்வாகக் கட்டணம் இன்னொன்று. இரண்டாவதுதான் சத்தமில்லாமல் தின்பது. 20,000 ரிங்கிட் வைத்திருந்து ஒன்றரை விழுக்காடு பிடித்தால் வருடம் 300 ரிங்கிட். லாபம் வந்தாலும் வராவிட்டாலும் அது போகும். போன வருடம் எவ்வளவு ஏறியது என்று காட்டும் வண்ணத்தாளை ஓரமாக வைத்துவிட்டு, இந்த எண்ணை முதலில் கேளுங்கள்.

பக்கத்தில் இருந்த இன்னொருவர்: அந்த நிறுவனமே மூடிவிட்டால்?

உங்கள் பணம் அந்த நிறுவனத்தின் பெட்டியில் இருப்பதில்லை. அதன் சொத்தோடு கலக்காமல், தனி அறங்காவலர் நிறுவனம் ஒன்று வைத்துக் காக்கிறது. பிபிஏ என்னும் நடு அமைப்பு ஒவ்வோர் உறுப்பினருக்கும் ஒரு கணக்கு கொடுக்கிறது. எந்த நிறுவனத்தில் போட்டாலும் அந்தக் கணக்கில் தெரியும். பிபிஏ கணக்கு உங்கள் பெயரில் திறக்கப்படவில்லை என்றால், நீங்கள் பிஆர்எஸ்ஸில் சேரவேயில்லை என்று அர்த்தம். ஒன்றை மறக்காதீர்கள்: வங்கி வைப்புத்தொகைக்கு உள்ள பிஐடிஎம் என்னும் வைப்புக் காப்புறுதிக் கழகத்தின் பாதுகாப்பு இதற்குக் கிடையாது. முதலீட்டில் வரும் நட்டம் நம்முடையதுதான்.

லாரி ஓட்டும் தம்பி: அவசரத்துக்கு எடுக்கலாமா?

எழுபது விழுக்காடு ஓய்வு வயதுவரை பூட்டியிருக்கும். மீதி முப்பதை முன்கூட்டியே எடுக்கலாம், ஆனால் எட்டு விழுக்காடு வரி பிடிப்பார்கள். வீட்டுக்கும் மருத்துவத்துக்கும் எடுத்தால் அந்தப் பிடித்தம் இல்லை. லாரித் தவணைக்குக் கைகொடுக்கும் என்று நினைத்து இதில் போடாதீர்கள்.

ஓர் அம்மா: பணம் வாங்க வருபவர் நம் சொந்தக்காரர்தான். தன் கணக்கில் போடச் சொல்கிறார். கேட்டால் கோபித்துக்கொள்வாரே?

கோபித்துக்கொள்ளட்டும், அம்மா. எங்கள் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய அண்ணன் ஒருவர் 55 வயதில் சேமநிதி முழுவதையும் எடுத்து, கோயிலில் பழகிய ஒருவரிடம் கொடுத்தார். மாதம் ஐந்து விழுக்காடு என்று பேச்சு. மூன்று மாதம் வந்தது, நான்காம் மாதம் ஆளைக் காணவில்லை. அதன் பிறகுதான் தாளை என்னிடம் கொண்டுவந்தார். ஒரு ரப்பர் முத்திரை, ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். முப்பது வருடக் கழிவை என் கையால் எழுதிய எனக்கு, அந்தத் தாளைப் படித்துவிட்டு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. 61 வயதில் இரவுக் காவலுக்குப் போனார்.

நம் மக்கள் ஆளை நம்பிப் பணம் கொடுப்பதற்கு ஒரு வரலாறு உண்டு. துண்டாடி விற்கப்பட்ட தோட்டங்களை நாமே வாங்க வேண்டும் என்று 1960-இல் மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவர் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தொழிலாளர்கள் சம்பளத்திலிருந்து கொடுத்தார்கள். அவர் மீது இருந்த அன்பு பெரிது. ஆனாலும் பணம் போனது பதிவு பெற்ற சங்கத்துக்கு, பங்கு நின்றது கொடுத்தவர் பெயரில். உங்கள் சொந்தக்காரரிடமும் அதையே கேளுங்கள். காசு நிறுவனத்தின் கணக்குக்கே போக வேண்டும், ரசீது உங்கள் பெயரில் வர வேண்டும். நேர்மையானவருக்கு இதில் கோபம் வர இடமில்லை.

57 வயது அண்ணன்: சேமநிதியை எடுத்துப் பிஆர்எஸ்ஸில் போடச் சொல்கிறான் மகன்.

வேண்டாம், அண்ணா. எடுக்காத பணத்துக்கு நூறு வயதுவரை சேமநிதி லாப ஈவு தருகிறது. மொத்தமாக எடுக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. தேவைக்கு மட்டும் எடுக்கலாம், மாதாமாதம் வரும்படியும் ஏற்பாடு செய்யலாம். மகனை என்னிடம் அனுப்புங்கள், நான் பேசுகிறேன்.

கடைசியாக ஒரு தங்கை: அப்பா போன பிறகு அவர் சேமநிதியை எடுக்க அலைகிறோம்.

வாரிசு நியமனம் செய்யாமல் விட்டிருப்பார், தங்கச்சி. செவ்வாய்க்கிழமை காலை இறப்புச் சான்றிதழ், அவருடைய அடையாள அட்டை எண், அம்மாவின் திருமணப் பத்திரம், உங்கள் எல்லோருடைய பிறப்புப் பத்திரங்கள் ஆகியவற்றோடு வீட்டுக்கு வாருங்கள். ஈப்போ அலுவலகத்துக்கு நானும் உடன் வருகிறேன்.