டீ வடிகட்டியும் கண்ணாடி ஊசியும்

அன்புள்ள ஐயா,

ஜீப்ரா மீன் பற்றிய உங்கள் கட்டுரையில், 'ஒரு கருவிலிருந்து செல்களை எடுத்து இன்னொன்றில் வைப்பார்கள்' என்று ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். கடுகளவு முட்டையில் அதை எப்படிச் செய்கிறார்கள்? எல்லாம் இயந்திரம்தானா? அதற்கு வலிக்காதா? என் மகள் இந்த ஆண்டு இப்படி ஒரு ஆய்வகத்தில் ப்ராஜெக்ட் செய்யப் போகிறாள், அதனால்தான் கேட்கிறேன்.

ர., தஞ்சாவூர்

அன்புள்ள ர.,

உறையோடு சேர்த்தால் கடுகளவு சரிதான். உள்ளே இருக்கும் கரு 0.7 மில்லிமீட்டர் வாக்கில்தான் இருக்கும். இயந்திரங்கள் உண்டு, ஆனால் பெரும்பாலும் இது கைவேலை. இரண்டு வருடம் அதைச் செய்தவன் என்பதால் சொல்கிறேன்.

வேலை முந்தின நாள் மாலையே தொடங்கிவிடும். ஆணையும் பெண்ணையும் ஒரே தொட்டியில், நடுவே தடுப்பு வைத்து விடுவோம். காலையில் விளக்கு எரிந்ததும் தடுப்பை எடுத்தால் கொஞ்ச நேரத்தில் முட்டையிடும். முட்டைகள் அடியிலிருக்கும் சல்லடை வழியே கீழே விழுந்துவிடும். இல்லாவிட்டால் பெற்றதுகளே தின்றுவிடும். அவற்றை வாரி எடுப்பது சாதாரண டீ வடிகட்டியால்தான். அதற்குள் கடிகாரம் ஓட ஆரம்பித்திருக்கும். 28.5 டிகிரி வெப்பத்தில், கருவுற்ற முக்கால் மணி நேரத்தில் ஒரு செல் இரண்டாகிவிடும். அப்புறம் கால் மணிக்கு ஒருமுறை இரட்டிக்கும். ஊசியால் கருவுக்குள் ஏற்றும் சாயம் எல்லாச் செல்லுக்கும் சேர வேண்டுமென்றால் அந்த முதல் முக்கால் மணிக்குள் போட்டாக வேண்டும்.

ஊசி என்பது மெல்லிய கண்ணாடிக் குழாய். அதன் நடுவைச் சூடாக்கி இருபுறமும் இழுக்க ஒரு கருவி இருக்கிறது. மூடியிருக்கும் நுனியை மைக்ராஸ்கோப்புக்குக் கீழே இடுக்கியால் கிள்ளுவதோ நம் கைதான். அதிகம் கிள்ளினால் கரு பொத்துக்கொள்ளும், குறைவாகக் கிள்ளினால் ஊசி அடைத்துக்கொள்ளும். பிறகு எண்ணெயில் ஒரு சொட்டு விட்டு அளப்போம். குறுக்களவு 0.125 மில்லிமீட்டர் இருந்தால் அது ஒரு நானோலிட்டர், அதாவது ஒரு மில்லிலிட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. உள்ளே போனது தெரிய ஃபீனால் ரெட் சாயம் கொஞ்சம் கலந்திருக்கும்.

நீங்கள் கேட்ட இடமாற்றம் இதைவிடப் பொறுமை கேட்கும். ஒரு கருவுக்கு ஒற்றைச் செல்லாக இருக்கும்போதே ஒளிரும் சாயத்தை ஏற்றிவிடுவோம். நாலு மணி நேரம் கழித்து அது ஆயிரக்கணக்கான செல்களாகிவிடும். அப்போது உறையை உரிக்க வேண்டும். புரோனேஸ் என்ற நொதியில் சற்று ஊறவிடலாம், அல்லது இரண்டு கூர் இடுக்கிகளால் கிழிக்கலாம். உரித்த கரு பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும், தண்ணீரின் மேற்பரப்பில் பட்டால் வெடித்துவிடும். அதனால் அகரோஸ் என்ற ஜெல்லி பூசிய தட்டில்தான் வைப்போம். முதல் மாதம் நான் வெடிக்கவிட்டவற்றுக்குக் கணக்கில்லை. புரட்டிப் போடுவதற்கு, குச்சியில் ஒட்டிய ஒரு இமைமுடி. (நூறு வருடங்களுக்கும் முன்பு ஜெர்மனியில் ஹான்ஸ் ஸ்பேமன் என்ற கருவியல் ஆய்வாளர், நியூட் என்ற பல்லி போன்ற நீர்நிலப் பிராணியின் முட்டையைச் சுருக்குப் போட்டது கைக்குழந்தையின் தலைமுடியால். கருவியில் பெரிய முன்னேற்றம் ஒன்றுமில்லை.) அப்புறம் ஊசியால் பத்து இருபது செல்களை மெல்ல உறிஞ்சி, சாயமில்லாத கருவுக்குள் விட்டுவிடுவோம். மறுநாள் பார்த்தால் அந்தச் செல்கள் எங்கே, என்னவாக இருக்கின்றன என்பது ஒளிர்ந்து தெரியும்.

எதற்கு இவ்வளவு பாடு? 1993இல் ராபர்ட் ஹோ, சார்லஸ் கிம்மல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஜீப்ரா மீன் கருவில் ஒவ்வொரு செல்லாக இடம் மாற்றிப் பார்த்தார்கள். செல்கள் உள்ளே மடங்கி அடுக்கடுக்காக அமையத் தொடங்கும் நேரத்தில் எடுத்த செல், புது இடத்துக்குத் தக்கபடி மாறிக்கொண்டது. அந்தக் கட்டத்தின் நடுவில் எடுத்ததோ, எங்கே வைத்தாலும் பழைய இடத்தில் ஆகவேண்டியதாகவே ஆனது. இடையில் ஒன்றிரண்டு மணி நேரம்தான். இரண்டு செல்லும் மைக்ராஸ்கோப்பில் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். இடம் மாற்றிப் பார்த்தால்தான் எது முடிவு செய்துவிட்டது, எது இன்னும் செய்யவில்லை என்று தெரியும். கண்ணாடி மாதிரி தெளிவான மீன்கரு என்று எல்லோரும் புகழ்கிறோம், ஆனால் வெறுமனே பார்த்துக்கொண்டே இருந்திருந்தால் இந்த விஷயம் கிடைத்திருக்காது.

வலி. நாலு மணி நேரக் கருவில் நரம்பே உருவாகியிருக்காது, அதனால் அந்தக் கேள்விக்கு இடமில்லை. ஒரு நாளில் இதயம் துடிக்கும், வாலும் அசையும். வளர்ந்த பிறகு எதையாவது செய்வதென்றால் டிரைக்கெய்ன் என்ற மயக்கமருந்து கொடுக்கிறார்கள். ஐரோப்பிய விதிகள் குஞ்சு தானாக இரை தின்னத் தொடங்கும் கட்டத்திலிருந்துதான் பாதுகாப்பு தருகின்றன. நடைமுறையில் அதை ஐந்து நாள் என்று வைத்துக்கொள்கிறார்கள். எனக்கு அந்தக் கோட்டில் முழு நம்பிக்கை இல்லை. மூன்றாம் நாளே தொட்டால் துள்ளி ஓடுகிறது.

மகளிடம் சொல்லுங்கள்: முதல் இரண்டு வாரம் ஊசி உடைவதும் கரு வெடிப்பதும் மட்டும்தான் நடக்கும், பயப்பட வேண்டாம். காலைக் காப்பியை ஊசி வேலை முடிந்த பிறகு குடிக்கட்டும், கை நடுங்காது. டீ வடிகட்டியை வீட்டிலிருந்து கொண்டுபோனால் திரும்ப எடுத்துவர வேண்டாம்.